தாளுக்குள் இருக்கும் பெயர்: ஜேம்ஸ் வாட்மேன்



இதைப் படிக்கும் முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வீட்டில் 500 ரூபாய் நோட்டு இருந்தால் எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வெறும் வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் காந்தியின் முகம் தெரியும். அது மையால் அச்சடித்தது இல்லை. தாள் ஈரக் கூழாக இருந்தபோதே சில இடத்தில் கனத்தைக் கூட்டியும் சில இடத்தில் குறைத்தும் உள்ளேயே உண்டாக்கியது. வாட்டர்மார்க் என்று நாம் எல்லோரும் சொல்வது இதைத்தான். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை நோட்டை இப்படித் தூக்கிப் பிடித்திருப்பேன் என்பதற்குக் கணக்கே கிடையாது.

இப்படித் தூக்கிப் பிடித்தால் ஒரு மனிதரின் பெயர் தெரிகிற தாள் ஒன்று உலகத்தில் இருந்தது. ஜே. வாட்மேன் என்ற அந்தப் பெயர் சுமார் இருநூறு ஆண்டுகள் நல்ல தாளுக்கு அடையாளமாக இருந்தது. உங்களில் பிளஸ் டூவில் வேதியியல் எடுத்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. புனலுக்குள் நான்காக மடித்து வைத்து வடிகட்டுவீர்களே, அந்த வட்டமான ஃபில்டர் பேப்பர் வந்த டப்பாவில் வாட்மேன் என்று போட்டிருக்கும். ஏதோ கம்பெனியின் பெயர் என்றுதான் பலரும் நினைத்திருப்போம். அது தண்ணீரால் சுற்றும் ஓர் ஆலையில் கையால் தாள் செய்வித்த ஒரு மனிதரின் பெயர். அவர் கதையைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தந்தை தொடங்கிய தொழில்

இங்கிலாந்தின் தென்கிழக்கில் கென்ட் என்ற மாவட்டம் இருக்கிறது. அதன் தலைநகரம் மெய்ட்ஸ்டோன். லண்டனிலிருந்து சுமார் 50, 55 கிலோமீட்டர் தூரம். ஊர் நடுவே மெட்வே ஆறு ஓடுகிறது. அதில் வந்து கலக்கும் சின்னச் சின்ன ஓடைகளில் லென் என்பதும் ஒன்று. பெரிய ஆறு இல்லை. ஆனால் தண்ணீர் தெளிவாக இருக்கும், வற்றாமல் ஓடும். தாள் செய்ய இந்த இரண்டும்தான் வேண்டும்.

வாட்மேன் குடும்பம் பக்கத்திலிருந்த லூஸ் என்ற கிராமத்தில் தோல் பதனிடும் தொழில் செய்து வந்தது. அந்தக் குடும்பத்தில் 1702இல் பிறந்தவர் மூத்த ஜேம்ஸ் வாட்மேன். நம் கதைநாயகரின் அப்பா. இவர் 1733இல் ஹாலிங்போர்ன் என்ற ஊரில் தாள் ஆலை தொடங்குவதில் இறங்கினார். கூட இருந்தவர் ரிச்சர்ட் ஹாரிஸ் என்ற தாள் தொழில்காரர். லென் ஓடைக்கரையில் முன்பு கம்பளித் துணி அடிக்கும் ஆலையாக இருந்து, பிறகு தாள் ஆலையாக மாறிய டர்க்கி மில்லை ஹாரிஸ் 1738இல் வாங்கினார். அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். அவருடைய விதவை ஆனை மூத்த வாட்மேன் 1740இல் மணந்துகொண்டார். டர்க்கி மில் அவர் கைக்கு வந்தது. மறு ஆண்டு, 1741இல், மகன் பிறந்தான். அவனுக்கும் ஜேம்ஸ் என்றே பெயர் வைத்தார்கள்.

அந்தக் காலத்தில் நல்ல வெள்ளைத் தாள் வேண்டுமென்றால் இங்கிலாந்துக்காரர்கள் பிரான்ஸ், ஹாலந்து, இத்தாலி நாடுகளிலிருந்துதான் வரவழைத்தார்கள். உள்ளூரில் செய்தது பெரும்பாலும் பொட்டலம் கட்டுகிற பழுப்புத் தாள். இறக்குமதியை நம்பியிருந்த நாடு, ஐம்பது அறுபது ஆண்டுகளில் மற்ற நாடுகள் கேட்டு வாங்கும் தாளைச் செய்ய ஆரம்பித்தது. அந்த மாற்றத்தில் இந்த அப்பா, மகன் இருவருக்கும் பெரிய பங்கு உண்டு.

ஒரு தாள் எப்படிப் பிறந்தது

இவர்கள் வாழ்க்கை புரிய வேண்டுமென்றால், அன்றைக்குத் தாள் செய்த விதம் கொஞ்சம் தெரிய வேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

மூலப்பொருள் மரம் இல்லை, கந்தல் துணி. பழைய லினன் சட்டை, மேசை விரிப்பு, படுக்கை விரிப்பு எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, மேசையில் செங்குத்தாகப் பொருத்திய கத்தியில் துணியை இழுத்து அறுத்து, பொத்தானையும் தையலையும் நீக்கி, வெள்ளை வேறு, பழுப்பு வேறு என்று பிரிப்பார்கள். நம் கீழ்த்தளத்தில் பழைய பேப்பரும் அட்டைப்பெட்டியும் பிரித்துப் போடச் சொன்னால் நாம் எவ்வளவு அலுத்துக்கொள்கிறோம் என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள்.

பிறகு அந்தத் துணியைத் தண்ணீரில் அலசி, நார் நாராகப் போகும்வரை அடிக்க வேண்டும். இதற்குத்தான் நீர்ச்சக்கரம். முன்பு உரலில் இடிப்பதுபோல மரச் சம்மட்டிகள் மாறி மாறி இடித்தன. பின்னர் டச்சுக்காரர்கள் ஒரு பொறியைக் கண்டுபிடித்தார்கள். நீள்வட்டத் தொட்டிக்குள் கத்திகள் பதித்த உருளை சுழலும். துணி தண்ணீரோடு சுற்றிச் சுற்றி வந்து அதனடியில் அரைபடும். நம் ஊர் கிரைண்டரைப் படுக்கப் போட்டதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். டர்க்கி மில்லில் இந்தப் பொறிதான் இருந்தது. ஆக, ஒரே தண்ணீர் இரண்டு வேலை செய்தது. சக்கரத்தைச் சுற்றியது, கூழையும் கழுவியது. கலங்கல் தண்ணீர் வந்தால் சக்கரத்துக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் தாள் கெட்டுவிடும்.

அதற்குமேல் எல்லாம் கைவேலை. வெதுவெதுப்பான கூழ் நிறைந்த தொட்டியின் முன் ஒருவர் நிற்பார். அவர் கையில் மரச்சட்டத்தில் கம்பி வலை அடித்த அச்சு. அதைக் கூழுக்குள் முக்கி, மட்டமாகத் தூக்கி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓர் ஆட்டு ஆட்டுவார். தண்ணீர் வலை வழியே இறங்கும், நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அந்த ஓரிரு விநாடி ஆட்டத்தில்தான் தாளின் தரம் இருக்கிறது. ஒரு பக்கம் கனமாகவும் ஒரு பக்கம் மெலிசாகவும் போய்விடக் கூடாது. நாள் முழுக்க, நூற்றுக்கணக்கான தாள்களும் ஒரே எடையில் வர வேண்டும். தராசு கிடையாது, கைதான் தராசு. பல வருடம் இந்த வேலை செய்தவர்களுக்குத் திடீரென ஒரு நாள் கை அந்த ஆட்டத்தை மறந்துவிடுவதும் உண்டாம். தாள் தொழிலாளர்கள் அதிகம் பயந்தது அதற்குத்தான்.

இரண்டாமவர் அந்த ஈரத் தாளை அச்சிலிருந்து கம்பளித் துணியின்மேல் ஒற்றி இறக்குவார். தாள், கம்பளி, தாள், கம்பளி என்று அடுக்கு உயர்ந்ததும் பெரிய திருகு அழுத்தியில் வைத்துப் பிழிவார்கள். மூன்றாமவர் தாளையும் கம்பளியையும் பிரித்தெடுப்பார். மாடியில் கயிறுகளில் தாளைக் காயப்போடுவார்கள். காற்று அளவாக வர மரப்பலகை ஜன்னல்களைத் திறந்து மூடுவார்கள். காய்ந்த தாளில் அப்படியே எழுதினால் மை ஊறிப் பரவும். அதனால் தோல் துண்டுகளைக் காய்ச்சி எடுத்த பசைநீரில் முக்கி மறுபடியும் காயப்போட வேண்டும். தோல் பதனிடும் குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்தப் பசை புதிய விஷயமாக இருந்திருக்காது.

கோடு இல்லாத தாள்

அப்போதைய அச்சுகளில் கம்பிகளை நெருக்கமாகப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, குறுக்கே கட்டியிருப்பார்கள். அந்தக் கம்பிகளின் தடம் தாளில் வரி வரியாக விழும். வெளிச்சத்தில் பார்த்தால் கோடு போட்டதுபோலத் தெரியும். கையால் எழுத அது தொந்தரவு இல்லை. ஆனால் மெல்லிய எழுத்துகளை அச்சடிக்க அந்த மேடு பள்ளம் இடைஞ்சல்.

பர்மிங்ஹாமில் ஜான் பாஸ்கர்வில் என்ற அச்சாளர் இருந்தார். அவர் 1757இல் லத்தீன் கவிஞர் வெர்ஜிலின் நூல்களை அச்சிட்டார். அந்தப் புத்தகத்தின் ஒரு பகுதி வரிகள் இல்லாத வழவழப்பான தாளில் வந்தது. கம்பிகளை அடுக்காமல், துணி நெய்வதுபோலக் குறுக்கும் நெடுக்கும் நெய்த கம்பி வலையில் செய்த தாள் அது. ஐரோப்பாவில் இப்படிப்பட்ட தாளில் அச்சான முதல் புத்தகமாக அதைச் சொல்கிறார்கள். அதைச் செய்தவர் மூத்த வாட்மேன் என்பதே தாள் வரலாற்று ஆய்வாளர்களின் முடிவு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் இன்று பிரிண்டரில் போடும் ஏ4 தாளை எடுத்துப் பாருங்கள். வரிகள் இருக்காது. இயந்திரத்தில் ஓடும் தாளும் நெய்த வலையின் மேல்தான் படிந்து உருவாகிறது. அந்த வழி டர்க்கி மில் அச்சில் ஆரம்பித்தது. ஆனால் மூத்த வாட்மேனுக்கு அதன் பலனை அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை. 1759இல், 57ஆவது வயதில் இறந்துவிட்டார். மகனுக்கு அப்போது 18 வயது நிரம்பவில்லை. அம்மா ஆன் ஆலையைப் பார்த்துக்கொண்டார். முதல் கணவர் போனபோது ஆலையைக் காப்பாற்றியவர், இரண்டாவது கணவர் போனபோதும் காப்பாற்றினார். அவரைப் பற்றிப் பெரிதாக யாரும் எழுதவில்லை. ஆனால் அவர் மட்டும் அன்று ஆலையை விற்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமில்லை.

மகன் பொறுப்புக்கு வருகிறார்

21 வயதில், 1762இல், இளைய ஜேம்ஸ் வாட்மேன் ஆலையை ஏற்றார். அதே ஆண்டு சாரா ஸ்டான்லி என்ற பெண்ணை மணந்தார். அடுத்த 30 ஆண்டுகளில் அவர் அப்பாவின் ஆலையை நாட்டிலேயே பேர்பெற்ற ஆலையாக ஆக்கினார். புதிதாக எதையும் கண்டுபிடித்து மட்டும் அதைச் சாதிக்கவில்லை. பெரும்பாலும் ஒரே விஷயத்தில் விடாப்பிடியாக இருந்தார். இன்றைக்கு வாங்கிய தாளும் அடுத்த வருடம் வாங்குகிற தாளும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதுதான் அது.

உதாரணத்துக்கு வெள்ளை நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லினன் துணியை என்னதான் அலசினாலும் கொஞ்சம் மஞ்சள் தட்டும். இளைய வாட்மேன் 1760களிலேயே கூழில் சிறிதளவு நீலம் சேர்க்க ஆரம்பித்தார். வேட்டி வெளுக்க நம் வீட்டில் சொட்டு நீலம் போடுகிற அதே தந்திரம். அளவு கூடினால் தாள் நீலமாகிவிடும், குறைந்தால் மஞ்சள் போகாது. தொட்டிக்குத் தொட்டி அந்த அளவு மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை.

1770களில் லண்டனிலிருந்து ஒரு சோதனை வந்தது. அங்கே பழம்பொருள் ஆய்வாளர்களின் சங்கம், இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியும் பிரான்ஸ் அரசரும் சந்தித்த பெரிய விழாவைக் காட்டும் பழைய ஓவியம் ஒன்றைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட விரும்பியது. செதுக்கியவர் ஜேம்ஸ் பாசயர். படம் அவ்வளவு பெரியது. ஒட்டுப் போடாமல் ஒரே தாளில் வர வேண்டும். அந்த அளவில் தாள் செய்தவர் அப்போது ஐரோப்பாவில் யாரும் இல்லை.

வாட்மேன் ஒப்புக்கொண்டார். ஏறக்குறைய 53 அங்குல நீளம், 31 அங்குல அகலம். நான்காம் வகுப்புப் பிள்ளையின் உயரமும் குளியலறைக் கதவின் அகலமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பெரிய அச்சைக் கூழோடு ஒரு மனிதனால் தூக்கவே முடியாது. தூக்குவதற்கென்றே தனி அமைப்பு ஒன்றை ஆலையில் ஏற்படுத்தி, பல பேர் சேர்ந்து செய்தார்கள். 1773இல் தாள் தயாரானது. அடுத்த ஆண்டு படம் வெளிவந்தது. அந்தத் தாள் அளவுக்கு அந்தச் சங்கத்தின் பெயரையே வைத்து ஆன்டிக்வேரியன் என்று இன்றும் சொல்கிறார்கள். ஒரு வாடிக்கையாளர் முடியுமா என்று கேட்டதற்காக வேலை செய்கிற முறையையே மாற்றிக்கொண்டவர் வாட்மேன்.

பெயரும் போலியும்

தாளில் பெயர் வரவைப்பது எப்படி என்று கேட்பீர்கள். மெல்லிய கம்பியை எழுத்து வடிவத்தில் வளைத்து அச்சின் வலைமேல் தைத்துவிடுவார்கள். கம்பி இருக்கும் இடத்தில் கூழ் மெலிசாகப் படியும். வெளிச்சத்தில் அந்த இடம் எழுத்தாகத் தெரியும். அவ்வளவுதான். ஆனால் ஒரு தாளில் பெயரைப் போட்டுவிட்டால் அந்தத் தாளில் உள்ள குறைக்கும் அந்தப் பெயர்தான் பொறுப்பு. மை ஊறினால், ஓரம் கிழிந்தால், வாங்கியவர் வெளிச்சத்தில் பிடித்து யார் செய்தது என்று பார்த்துக்கொள்ளலாம். வங்கியில் ஒவ்வொரு வவுச்சரிலும் எங்கள் சுருக்கொப்பம் இருக்கும். பத்து வருடம் கழித்துத் தணிக்கைக்காரர் எடுத்தாலும் யார் பார்த்தது என்று தெரிந்துவிடும். அந்தப் பயம் எங்களைப் பல தவறுகளிலிருந்து காப்பாற்றியது. வாட்மேன் தன் ஒப்பத்தைத் தாள்தோறும் போட்டார் என்று சொல்லலாம்.

பெயருக்கு மதிப்பு வந்ததும் என்ன நடக்கும்? போலி வரும். ஐரோப்பாவின் வேறு நாடுகளில் சில ஆலைகள் வாட்மேன் பெயரைத் தங்கள் அச்சுகளில் தைத்துத் தாள் விற்றன. இன்றும் பழைய ஓவியங்களை ஆராய்கிறவர்கள் வாட்மேன் என்று தெரிந்ததும் உடனே நம்பிவிடுவதில்லை. அசலா, போலியா என்று எழுத்தின் வடிவத்தை வைத்துப் பார்க்கிறார்கள்.

வீடும் குடும்பமும்

செல்வமும் மரியாதையும் வந்தன. 1767இல், 26 வயதில், கென்ட் மாவட்டத்தின் ஷெரிஃப் பதவி கிடைத்தது. தோல் பதனிடும் குடும்பத்துப் பேரனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் 1775இல் சாரா இறந்துவிட்டார். இரண்டு பெண் குழந்தைகள். அடுத்த ஆண்டு சுசானா போசன்கே என்பவரை மணந்தார். பிரான்சில் மதத்தின் பேரால் நடந்த கொடுமைகளுக்குத் தப்பி வந்து இங்கிலாந்தில் வேரூன்றிய வணிகக் குடும்பம் அவருடையது. 1777இல் ஒரு மகன் பிறந்தான். அவனும் ஜேம்ஸ்தான்.

சுசானா தன் வீட்டு வேலைக்காரர்களுக்காக ஒரு குறிப்பேடு எழுதி வைத்தார். எந்த அறையில் எந்த நேரத்தில் வெயில் விழும், எப்போது ஜன்னலை மூட வேண்டும், எந்தப் பொருளை எப்படித் துடைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. பிற்காலத்தில் அது புத்தகமாகவே வந்தது. ஆலையில் கணவர், வீட்டில் மனைவி, இருவரும் ஒரே மாதிரி ஆட்கள்தான் போலிருக்கிறது.

1780களின் தொடக்கத்தில் ஆலைக்கு அருகிலேயே வின்டர்ஸ் என்ற பெரிய பண்ணை வீட்டை வாட்மேன் வாங்கினார். அங்கிருந்து பார்த்தால் கீழே டர்க்கி மில் தெரியும்.

1790

அந்த ஆண்டில் வாட்மேனுக்குப் பக்கவாதம் வந்தது. வயது 49 தான். ஆலை முழுவதும் அவர் கண்பார்வையில் ஓடிக்கொண்டிருந்த ஒன்று. மகனுக்கு 13 வயது. நம்மில் சொந்தத் தொழில் நடத்துகிறவர்கள் இந்த நிலைமையைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள். ஒரு மனிதர் கட்டிக் காத்த தரம் அவர் படுத்துவிட்டால் என்ன ஆகும்? தாளில் பெயர் இருக்கிறது. பெயருக்கு உரியவரால் தொட்டிப் பக்கம் போக முடியவில்லை.

ஆலை நிற்கவில்லை. காரணம் வில்லியம் பால்ஸ்டன். 1774இல் பதின்வயதுப் பையனாக வேலை கற்றுக்கொள்ள வந்தவர். உறவினர் கிடையாது. 16 வருடம் கூடவே இருந்து, கந்தல் மூட்டை பிரிப்பதிலிருந்து கணக்கு வழக்கு வரை எல்லாம் கற்றிருந்தார். வாட்மேன் படுத்த பிறகு நிர்வாகம் அவர் தோளில் விழுந்தது. வாங்கியவர்களுக்குத் தாளில் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு மாணவனைப் பற்றி இதைவிடப் பெரிய சான்றிதழ் இருக்க முடியாது.

1794இல் வாட்மேன் ஆலைகளை விற்றார். மகனைத் தொழிலுக்குக் கொண்டுவரவில்லை. வாங்கியவர்கள் ஹாலிங்வொர்த் சகோதரர்கள். பால்ஸ்டனும் பங்குதாரராகச் சேரும்படி வாட்மேன் தன் பணத்தைக் கடனாகக் கொடுத்து உதவினார். இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆலையை விலைக்கு விற்கலாம். வேலை தெரிந்த மனிதரையும் ஆலைக்குள்ளேயே நிறுத்திவைத்துவிட்டுப் போக எல்லோருக்கும் தோன்றாது. சொத்து மகனுக்கு, தொழில் சீடனுக்கு என்று அவர் பிரித்துக் கொடுத்தார் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

அந்த ஆண்டிலேயே பால் சான்ட்பி என்ற ஓவியர் வின்டர்ஸ் வீட்டையும் டர்க்கி மில்லையும் சேர்த்து ஒரு நிலக்காட்சி வரைந்தார். மரங்கள், திறந்த வயல், தூரத்தில் ஆலைக் கட்டடங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்தில் அந்தப் படம் இருக்கிறது. இணையத்தில் தேடிப் பாருங்கள். கை மாறிய ஆண்டில் வரைந்த படம் என்று தெரிந்து பார்க்கும்போது வேறு மாதிரி இருக்கும்.

1794இல் இன்னொன்றும் நடந்தது. ஏற்றுமதியாகும் தாளில் செய்த ஆண்டு தெரிந்தால் வரிச்சலுகை என்று ஒரு சட்டம் வந்தது. அதிலிருந்து ஆங்கிலத் தாள்களில் பெயரோடு ஆண்டும் வரத் தொடங்கியது. ஜே. வாட்மேன், 1794 என்று தெரிகிற தாள்கள் ஏராளம் கிடைக்கின்றன. பெயர் தேதியோடு வர ஆரம்பித்த ஆண்டும், பெயருக்கு உரியவர் தொழிலை விட்ட ஆண்டும் ஒன்று. கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் தன் நூல்களை அந்தத் தாளில் தானே அச்சிட்டார்.

1798 மார்ச்சில் ஜேம்ஸ் வாட்மேன் காலமானார். வயது 56. அடுத்த ஆண்டு ஜனவரியில் பிரான்சில் லூயி ராபர்ட் என்பவர் நீளமாகத் தாள் ஓடும் இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். கையால் தூக்கிய அச்சின் காலம் முடிவுக்கு வரத் தொடங்கியதை அவர் பார்க்கவில்லை.

அவருக்குப் பிறகு

பங்காளிகள் 1805இல் பிரிந்தார்கள். டர்க்கி மில் ஹாலிங்வொர்த் குடும்பத்தோடு போயிற்று. பால்ஸ்டன் மெட்வே ஆற்றங்கரையில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற புதிய ஆலையைக் கட்டினார். 1807இல் அது ஓடத் தொடங்கியது. நீர்ச்சக்கரத்துக்குப் பதில் நீராவி எஞ்சின். ஆனால் தாள் மட்டும் கையால்தான். ஊரெல்லாம் தாள் இயந்திரம் வந்துகொண்டிருந்த நேரத்தில் அப்படி நிற்பது லேசான காரியம் இல்லை.

இரண்டு ஆலைகளும் வாட்மேன் பெயரைத் தொடர்ந்து போட்டன. ஒன்று ஜே. வாட்மேன் என்றும், மற்றது டர்க்கி மில்லையும் சேர்த்தும் போட்டது. வாட்மேன் குடும்பத்தில் யாரும் தாள் செய்யவில்லை. பெயர் மட்டும் தாளில் ஓடிக்கொண்டிருந்தது. ஆங்கில ஓவியர் டர்னர் அந்தத் தாளில் நீர்வண்ணம் தீட்டினார். ஆடுபான் அமெரிக்கப் பறவைகளை உண்மையான அளவில் அச்சிட 1827 முதல் அந்தத் தாளைத்தான் பயன்படுத்தினார். புகைப்படத்தைத் தாளில் பதியவைத்த டால்பட்டும் தன் சோதனைகளுக்கு டர்க்கி மில் தாளை எடுத்தார்.

நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. கல்கத்தா உச்ச நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதி எலைஜா இம்பேயின் மனைவி மேரி, வீட்டில் பறவைகளும் விலங்குகளும் வளர்த்தார். 1777 முதல் சில ஆண்டுகள் பாட்னாவைச் சேர்ந்த ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் ஆகிய ஓவியர்களைக் கொண்டு அவற்றை வரையவைத்தார். அந்த அழகான படங்கள் கடல் தாண்டி வந்த வாட்மேன் தாளில் வரைந்தவை. கென்ட்டில் யாரோ கிழித்துப் போட்ட சட்டையும் மேசை விரிப்பும் தாளாகிக் கல்கத்தா வந்து, பாட்னா ஓவியரின் தூரிகை பட்டுப் பறவையாகி இருக்கிறது.

டர்க்கி மில்லில் 1976இல் தாள் செய்வது நின்றது. கட்டடங்கள் இன்று அலுவலகங்களாக இருக்கின்றன. லென் ஓடை இன்னும் ஓடுகிறது. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலை பிற்காலத்தில் ஃபில்டர் பேப்பருக்குப் பேர்போனது. அப்படித்தான் அந்தப் பெயர் நம் பிள்ளைகளின் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. 2014இல் அந்த ஆலையும் மூடப்பட்டது.

ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். தாளில் வாட்மேன் பெயர் மட்டும்தான் தெரியும். தொட்டி முன் நின்று கை மரத்துப் போனவர், கந்தல் அறுத்த பெண்கள், கயிற்றில் காயப்போட்டவர்கள், யார் பெயரும் அதில் இல்லை. அவர்கள் ஒருவர் சோம்பியிருந்தாலும் வாட்மேன் பெயர் கெட்டிருக்கும். வாட்மேனுக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான் தான் விழுந்த பிறகு பெயரைக் காப்பாற்றக்கூடிய மனிதரை முன்பே வளர்த்து வைத்திருந்தார். பெயரை ஒருவர் சம்பாதிக்கலாம். காப்பாற்றுவதற்குத் தினமும் பலர் வேண்டும்.

உங்கள் வீட்டுக் குழந்தை ஓவிய வகுப்புக்கு நல்ல தாள் கேட்டால் கடையில் வாங்கியதும் வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துக் காட்டுங்கள். உள்ளே ஏதாவது பெயர் தெரிந்தால் இந்தக் கதையையும் சொல்லுங்கள்.